பழைய ஆர்கேட் விளையாட்டுகள்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்ப் பந்தயம், உதைபந்தாட்டம், ஓட்டப்போட்டி, அடிதடி என 1970களின் தொடக்கம் முதல் 1990களின் நடுப்பகுதி வரை வெளிவந்த ஆர்கேட் விளையாட்டுகளைப் பற்றி யாழ்ப்பாணத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் பேச்சை இயன்றவரை அப்படியே விட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. முன்னரே விடை சொல்லப்பட்ட இடங்களில் அந்த விடையைச் சுட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

ஆர்கேட் கேம் எண்டால் என்ன? வீட்டில விளையாடின ரீவி கேமும் அதுவும் ஒண்டுதானே?

இரண்டும் ஒன்றல்ல. ஆர்கேட் என்பது பொது இடமொன்றில் ஆளுயரப் பெட்டியாக நிற்கும் இயந்திரம். திரை, கைபிடி, பொத்தான்கள், அந்த ஒரு விளையாட்டுக்கெனச் செய்யப்பட்ட மின்சுற்றுப் பலகை ஆகிய அனைத்தும் அதற்குள்ளேயே இருக்கும். நாணயக்குற்றி போட்டால்தான் ஆட்டம் தொடங்கும். ரீவி கேம் பெட்டியோ வீட்டுத் தொலைக்காட்சியில் பொருத்தப்படுவது. ஒருமுறை வாங்கிவிட்டால் எத்தனை தடவை ஆடினாலும் மேலதிகச் செலவில்லை.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் கேள்விகளிற் பாதி தாமாகவே விளங்கிவிடும். குற்றி போட்டவர் சில நிமிடங்களாவது மகிழவேண்டும், இல்லையேல் அவர் மீண்டும் வரமாட்டார். அதே வேளையில் அடுத்தவர் குற்றியோடு பின்னால் நிற்பதால் ஆட்டம் விரைவில் முடியவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு தேவைகளையும் சில நிமிடங்களுக்குள் நிறைவேற்றுவதே ஆர்கேட் வடிவமைப்பாளரின் வேலை. அதை ஒரு பெருங்கலை என்றே நான் கருதுகிறேன்.

முதன்முதல் வந்தது எது?

விற்பனைக்கு வந்த முதல் நாணய வீடியோ விளையாட்டு 1971இல் வெளியான கம்பியூட்டர் ஸ்பேஸ். ஆனால் பெருவெற்றி பெற்ற முதல் விளையாட்டு 1972இல் அட்டாரி நிறுவனத்துக்காக அலன் அல்கோர்ன் உருவாக்கிய பொங். இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியுமாக மேசைப்பந்தாட்டத்தைத் திரையிற் காட்டிய விளையாட்டு அது. கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுச்சாலையிற் பரீட்சார்த்தமாக வைக்கப்பட்ட முதற்பெட்டி சில நாட்களில் நின்றுபோனது. பழுதுபார்க்கச் சென்ற அல்கோர்ன் திறந்து பார்த்தபோது, உள்ளே குற்றிகள் நிரம்பி வழிந்ததே காரணம் என்று தெரிந்தது. ஆகவே இத்துறையின் முதல் வெற்றியே ஒரு விளையாட்டுப் போட்டிதான்.

எங்கட ஊரில இந்த மெசின்களை ஒருநாளும் காணேல்லையே, ஏன்?

காலத்தைப் பொருத்திப் பாருங்கள். ஆர்கேட்டின் பொற்காலம் ஏறத்தாழ 1978 முதல் 1983 வரையானது. 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்ததோடு இரண்டாவது அலை எழுந்தது. அந்த இரண்டாவது அலையின்போது குடாநாட்டில் மின்சாரமே இல்லை. 1990இல் தேசிய மின்விநியோகம் துண்டிக்கப்பட்டது. எரிபொருளும் மின்கலங்களும் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்தன. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டார்கள். இடையறாத மின்சாரத்தில் நாள் முழுதும் ஒளிரவேண்டிய பெட்டிகளுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

ஆகவே எங்களிற் பலர் இவ்விளையாட்டுகளை அறிந்தது பிந்திய காலத்தில், அதுவும் வேறு உருவில்தான். 2002இல் ஏ9 வீதி திறந்தபின் கொழும்பிலிருந்து வந்த ரீவி கேம் பெட்டிகளிலும் பின்னர் கணினிகளிலும் அவை எங்களை வந்தடைந்தன. ஒரு தலைமுறை தவறவிட்ட ஒன்றைப் பற்றிய கேள்விகள் என்பதாலேயே இவற்றுக்கு நிதானமாக விடை எழுத விரும்பினேன்.

'9999999 இன் 1' எண்டு கசற்றில போட்டிருக்குமே, உண்மையிலேயே அவ்வளவு கேம் இருந்ததா?

இல்லை. அந்த ரீவி கேம் பெட்டிகள் 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபேமிகொம் கருவியின் அனுமதியற்ற நகல்கள். அவற்றிற் செருகும் விளையாட்டுக் கசற்றுக்குள் இருந்தவை பெரும்பாலும் சில விளையாட்டுகளே, பெரிய கசற்றென்றாற் சில பத்து. அவற்றையே வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்குமாறும், உயிர்களின், அதாவது ஓர் ஆட்டத்திற் கிடைக்கும் வாய்ப்புகளின், எண்ணிக்கையையும் நிறங்களையும் மாற்றியும் பட்டியலில் மறுபடி மறுபடி அடுக்கியிருந்தார்கள்.

அந்தக் கசற்றில இருந்ததில எது எது உண்மையான ஆர்கேட் கேம்?

ரோட் ஃபைட்டர் ஆர்கேட்டிலிருந்து வந்தது. கொனாமி நிறுவனம் 1984இல் அதை வெளியிட்டது. மேலிருந்து பார்க்கும் வீதியில், மோதும்போதெல்லாம் எரிபொருள் குறைய, அது தீருமுன் எல்லையை அடையவேண்டிய விளையாட்டு அது. 1987இல் வந்த கொன்ட்ராவும் ஆர்கேட்டிற் பிறந்ததே. எக்சைட்பைக்கும் சூப்பர் மரியோ பிரதர்ஸும் முதலில் வீட்டுக் கருவிக்காக எழுதப்பட்டு, அதன்பின் ஆர்கேட்டுக்குச் சென்றவை. தாங்கி விளையாட்டு என்று நாங்கள் சொல்லும் பேட்டில் சிட்டி 1985இல் நாம்கோ வீட்டுக்கென வெளியிட்டது. ஆனால் அதற்கு மூலம் 1980ஆம் ஆண்டின் டாங்க் பட்டாலியன் என்ற ஆர்கேட் விளையாட்டு.

ஏன் இவ்வளவு கஷ்டம்? ரெண்டு நிமிசத்தில செத்துப்போறன்.

முதற்கேள்வியிற் சொன்ன காரணம்தான்: ஆட்டம் முடிந்தால்தான் அடுத்த குற்றி விழும். பெட்டியின் உட்பலகையில் சிறிய ஆளிகள் வரிசையாக இருக்கும். ஒரு குற்றிக்கு எத்தனை உயிர், எதிரிகள் எவ்வளவு கடுமையானவர்கள், எத்தனை புள்ளிக்கு மேலதிக உயிர் என்பவற்றைக் கடைக்காரர் அந்த ஆளிகளால் தெரிவுசெய்யலாம். ஆகவே ஒரே விளையாட்டு ஒரு கடையில் இலகுவாகவும் இன்னொரு கடையிற் கடினமாகவும் இருந்தது. இன்று கணினியில் ஆடுபவர்களும் அதே தெரிவுகளைப் பட்டியலில் மாற்றிக்கொள்ளலாம். புதியவர்கள் உயிர்களைக் கூட்டிவைத்துப் பழகுவதில் எந்த இழுக்கும் இல்லை.

'மேல் மேல் கீழ் கீழ்' எண்டு அமத்தினால் 30 உயிர் வரும் எண்டது உண்மையா?

உண்மை. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பின்னர் பி, ஏ, தொடங்கு. கொன்ட்ராவின் அமெரிக்க வீட்டுப் பதிப்பில் அது 30 உயிர்களைத் தரும். இதை முதலில் எழுதியவர் கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. கிராடியஸ் விளையாட்டை 1986இல் ஃபேமிகொமுக்கு மாற்றியபோது, பரிசோதனைக்காகத் தானே ஆடி முடிக்க முடியாத அளவு அது கடினமாக இருந்ததால், தனக்கென அந்த வழியை வைத்தார். ஆர்கேட் பெட்டிகளில் இதை எதிர்பார்க்கவேண்டாம். இலவச உயிர்களைக் கடைக்காரர் விரும்பமாட்டார்.

ரேஸ் கேமில முதலாவதா வராட்டிலும் பரவாயில்லை, நேரம் முடிஞ்சால் மட்டும் ஏன் ஆட்டம் போகுது?

பந்தய விளையாட்டில் சாவு இல்லை. மோதினாலும் கார் மீண்டும் ஓடும். அப்படியானால் ஆட்டத்தை எப்படி முடிப்பது? நேரத்தால்தான். 1982இல் நாம்கோ வெளியிட்ட போல் பொசிஷன், ஜப்பானின் ஃபூஜி ஓடுபாதையில் முதலில் ஒரு தகுதிச் சுற்றை ஓடச்செய்து, குறித்த நேரத்துள் முடித்தவரை மட்டுமே பந்தயத்துக்கு அனுமதித்தது. இடையிடையே சோதனைக் கோடுகளை வைத்து, ஒவ்வொன்றையும் தாண்டும்போது சில நொடிகளைக் கூட்டிக் கொடுக்கும் முறையும் இதே தேவையிலிருந்து வளர்ந்தது.

அந்த முறையை அழகின் உச்சத்துக்குக் கொண்டுபோனது சேகா நிறுவனத்தின் யூ சுசூக்கி 1986இல் உருவாக்கிய அவுட் ரன் என்பது என் துணிபு. அதில் எதிராளிகளே இல்லை. சிவப்புக் காரும் திறந்த வீதியும் கடிகாரமும் மட்டுமே. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வீதி இரண்டாகப் பிரியும். மொத்தம் 15 கட்டங்கள் இருந்தாலும் ஒரு பயணத்தில் 5 கட்டங்களையே கடப்போம். சென்றடையும் முடிவிடங்களும் 5. புறப்படுமுன் காரின் வானொலியில் மூன்று இசைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். கடிகாரம் துரத்துகிறது என்பதையே மறக்கச்செய்யும் பயணம் அது.

அந்தக் காலத்தில முப்பரிமாணப் படம் இல்லையே, ரோட்டு எப்படி எங்களை நோக்கி வந்தது?

தொலைக்காட்சிப் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரையப்படுகிறது. வீதியைக் காட்டும் ஒவ்வொரு கிடைக்கோட்டையும் தூரத்துக்கேற்ப ஒடுக்கியும் அகட்டியும், வளைவுக்கேற்பச் சிறிது சிறிதாகப் பக்கவாட்டில் நகர்த்தியும் வைத்தால், தட்டையான படமே வளைந்து செல்லும் வீதியாகத் தோன்றும். கோடுகளின் இடைவெளியை மாற்றினால் மேடும் பள்ளமும் வந்துவிடும். மரங்களும் கார்களும் ஒவ்வொன்றும் தட்டையான ஒரு படம்தான். அதை வன்பொருளே நொடிக்குப் பல தடவை பெருப்பித்துக் காட்டும்.

1985ஆம் ஆண்டின் ஹேங் ஒன், அடுத்த ஆண்டின் அவுட் ரன், 1987ஆம் ஆண்டின் ஆஃப்டர் பேர்னர் ஆகியவை சேகாவின் இந்த நுட்பத்தால் வந்தவை. ஹேங் ஒன்னின் ஒரு வகைப் பெட்டியில் உண்மையான அளவுடைய மோட்டார் சைக்கிள் உருவத்தில் ஏறியிருந்து உடலைச் சாய்த்தே வளைவுகளை எடுக்கவேண்டும். முப்பரிமாண உருவங்களாலேயே முழு ஓடுபாதையையும் கட்டும் முறை 1992இல் வேர்ச்சுவா ரேசிங்கோடு பரவியது. 1993இல் ரிட்ஜ் ரேசர் அந்த உருவங்களின் மேல் விரிவான படங்களையும் ஒட்டியது. இருந்தாலும் பழைய தட்டைப் படங்களின் வேகம் இன்றும் கண்ணுக்கு அலுக்காதது.

ஓட்டப்போட்டி கேமில பொத்தானை அமத்தி அமத்தி விரல் நோகுது. வேற வழி இல்லையா?

நீங்கள் சொல்வது 1983இல் கொனாமி வெளியிட்ட ஹைப்பர் ஒலிம்பிக். அமெரிக்காவில் அதன் பெயர் டிராக் அண்ட் ஃபீல்ட். 100 மீற்றர் ஓட்டம், நீளம் பாய்தல், ஈட்டி எறிதல், 110 மீற்றர் தடைதாண்டல், சம்மட்டி எறிதல், உயரம் பாய்தல் என ஆறு நிகழ்ச்சிகள். ஓட்டத்துக்கு இரண்டு பொத்தான்களும், பாய்வதற்கும் எறிவதற்கும் ஒன்றுமாக மூன்றே பொத்தான்கள். ஆடுபவர்கள் பென்சிலையும் அடிமட்டத்தையும் பொத்தான்களுக்கு மேல் வைத்து ஆட்டி வேகமெடுத்ததால் பல பெட்டிகள் பழுதடைந்தன.

முழங்கையை மேசையில் ஊன்றி, இரண்டு கைகளின் சுட்டுவிரல்களால் மாறி மாறித் தட்டுங்கள். ஒரே விரலால் இரண்டையும் அமத்துவதே நோவுக்குக் காரணம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: பாய்ச்சலில் வேகம் பாதிதான், கோணம் மறுபாதி. பாயும் பொத்தானைப் பிடித்திருக்கும் வரை கோணம் உயரும். 45 பாகையை அண்மிக்கும்போது விட்டால் நீண்ட தூரம் கிடைக்கும்.

எல்லா விளையாட்டும் இருக்கு, கிரிக்கெட் ஏன் ஆர்கேட்டில இல்லை?

பெட்டிகளைச் செய்தவர்கள் ஜப்பானியரும் அமெரிக்கரும். அவர்கள் அறிந்தது பேஸ்போல். அதைவிட ஆழமான காரணம் நேரம். யாழ்ப்பாணப் பாடசாலைக் கிரிக்கெட் போட்டியான வடக்கின் பெரும் சமர் மூன்று நாட்கள் நடப்பது. அதன் சுவையே பொறுமையில் இருக்கிறது. அதைச் சில நிமிடங்களாகச் சுருக்கினால் எஞ்சுவது மட்டையடி மட்டுமே.

ஆகவே கிரிக்கெட் வீட்டுக் கணினியில்தான் வளர்ந்தது. பிரித்தானியாவில் 1985இலேயே கிரகம் கூச்சின் பெயரில் ஒரு டெஸ்ட் கிரிக்கெட் விளையாட்டு வந்தது. 1990களில் பிரயன் லாராவின் பெயரில் வந்தவை புகழ்பெற்றன. 2006இன் இறுதியில் வெளியான கிரிக்கெட் 07ஐத் தென்னாசியா முழுவதும் இன்றுவரை ஆடுகிறார்கள்.

'முஸ்தபா' கேமின்ர உண்மையான பெயர் என்ன? எங்க வாங்கலாம்?

கடிலாக்ஸ் அண்ட் டைனசோர்ஸ். 1993இல் காப்கொம் வெளியிட்டது. அதில் வரும் நான்கு வீரர்களில் ஒருவரான முஸ்தபா கைரோவின் பெயரே தென்னாசியாவின் பல இடங்களில் விளையாட்டின் பெயராகிவிட்டது. அது ஒரு சித்திரக்கதைத் தொடரைத் தழுவியது. ஆகவே உரிமை காப்கொமிடம் மட்டும் இல்லை. அதே வகையைச் சேர்ந்த ஏழு அடிதடி விளையாட்டுகளைக் காப்கொம் 2018இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டபோதும் இது அதில் இடம்பெறவில்லை. அத்தொகுப்பில் உள்ள ஃபைனல் ஃபைட், நைட்ஸ் ஒஃப் த ரவுண்ட் இரண்டையும் தயங்காமற் பரிந்துரைப்பேன்.

பழைய ரீவி கேம் துவக்கு புது ரீவியில ஏன் வேலை செய்யேல்லை?

துவக்கு எதையும் சுடுவதில்லை, அது பார்க்கிறது. அதன் குழலுக்குள் ஒளியை உணரும் சிறு கருவி இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒருகணம் முழுக்கக் கறுப்பாகும். வாத்துச் சுடும் விளையாட்டென்றால், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டமொன்று தோன்றும். அந்த வெளிச்சம் குழலுக்குள் புகுந்தால் குறி தப்பவில்லை என்று பெட்டி முடிவுசெய்யும்.

இதற்கு நேரம் மிகத் துல்லியமாக இருக்கவேண்டும். பழைய குழாய்த் தொலைக்காட்சி சமிக்ஞை வந்த கணத்திலேயே ஒளியைக் காட்டும். இன்றைய தட்டைத் திரை படத்தைச் சேமித்துப் பதப்படுத்திச் சற்றுப் பிந்தியே காட்டுவதால், பெட்டி எதிர்பார்க்கும் கணத்தில் வெளிச்சம் வந்திருக்காது. துவக்கு பழுதென்று எறிந்துவிடாமல், ஒரு குழாய்த் தொலைக்காட்சியில் முதலிற் பரீட்சித்துப் பாருங்கள்.

சின்ன வயசில விளையாடினதை இப்ப போனில விளையாடினால் வேகமாப் போகுது. எனக்கு வயசு போட்டுதா?

உங்கள் நினைவு சரியானதுதான். இலங்கையின் தொலைக்காட்சி முறை நொடிக்கு 50 படங்களைக் காட்டும் பால் (PAL) முறை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நொடிக்கு ஏறத்தாழ 60. விளையாட்டின் கணக்கு முழுதும் படத்துக்குப் படம் நடப்பதால், 60க்கு எழுதப்பட்ட விளையாட்டைப் பால் முறைப் பெட்டியில் ஓட்டினால் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும். ஒரு நிமிடத்தில் முடியவேண்டிய ஓட்டம் 72 நொடி எடுக்கும். இசையும் அதே அளவு மெதுவாகும். இப்போது நீங்கள் காண்பதே படைத்தவர்கள் எண்ணிய வேகம்.

கனடாவில இருந்து மாமா பழைய கேம் பெட்டி கொண்டுவந்தார். அப்பிடியே செருகலாமா?

வேண்டாம். கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ட், எங்களுடையது 230. பழைய மின்மாற்றிகளை இங்கே நேரடியாகச் செருகினால் அவை கருகிவிடும். அடாப்டரின் உள்ளீட்டு வரியில் 100 முதல் 240 என்று அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே அச்சமில்லை. இல்லையெனில் 230ஐ 120 ஆக இறக்கும் மின்மாற்றி வாங்குங்கள். வேறு அடாப்டரைப் பொருத்துவதானால் வெளியீட்டு வோல்ட், நேர் எதிர் முனைகள், நேரோட்டமா ஆடலோட்டமா என்ற மூன்றையும் ஒப்பிட்டபின் பொருத்துங்கள்; செருகி துளைக்குள் போகிறது என்பது பொருத்தத்துக்குச் சான்றாகாது.

முன்னுக்கு ஓடினாலும் கொம்பியூட்டர் கார் எப்பவும் பின்னால வந்து பிடிக்குது. மெசின் கள்ளம் செய்யுதா?

பல விளையாட்டுகளில் ஆம். முன்னே செல்பவரை எதிராளிகள் நெருங்கவும், பின்தங்கியவருக்கு வாய்ப்புக் கிடைக்கவும் வேகத்தை மாற்றும் கணக்கு உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஒருதலைப்பட்சமான போட்டியில் தோற்பவர் மறுபடி குற்றி போடமாட்டார் என்பதே காரணம். 1993இல் வந்த என்.பி.ஏ. ஜாம் கூடைப்பந்தாட்டத்திலும் பின்தங்கிய அணிக்கு இத்தகைய உதவி உண்டு. அதை வடிவமைத்த மார்க் டர்மெல், டெட்ராயிற் பிஸ்டன்ஸ் அணியின் ஆதரவாளர். பிஸ்டன்ஸுக்கு எதிரான நெருக்கமான ஆட்டங்களின் கடைசி நொடிகளில் சிக்காகோ புல்ஸ் எறியும் பந்துகள் தவறும்படி எழுதியிருந்ததை அவரே பின்னாளில் வெளிப்படுத்தினார்.

ஆனால் வேகம் மாறுவதெல்லாம் கள்ளம் அல்ல. 1978ஆம் ஆண்டின் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவர்கள் விரைவார்கள். ஒரு படத்துக்கு ஓர் எதிரியையே அந்தக் கணினி நகர்த்தியது. 55 பேரும் இருக்கும்போது அனைவரும் ஓரடி வைக்க 55 படங்கள் தேவை, ஒருவர் மட்டும் எஞ்சினால் ஒவ்வொரு படத்திலும் அவர் நகர்வார். வன்பொருளின் அந்த இயலாமையைப் படைப்பாளி டொமொஹிரோ நிஷிகாடோ அப்படியே விட்டுவைத்தார். இத்துறையின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று அது.

பாக்மானுக்கு முடிவே இல்லை எண்டு சொல்லினம். சரியா?

திட்டமிட்ட முடிவு இல்லை. திட்டமிடாத முடிவு உண்டு. பேய்களுக்குத் தப்பியபடி சிக்கற்பாதையிற் புள்ளிகளை உண்ணும் இந்த விளையாட்டு, கட்டத்தின் எண்ணை 8 பிற்றுகளில் வைத்திருக்கிறது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 255. ஆகவே 256ஆவது கட்டத்தில் கணக்குப் பிசகி, திரையின் வலப்பாதி சிதறிய எழுத்துகளாகிவிடும். போதிய புள்ளிகளை உண்ணமுடியாததால் கட்டம் முடிவதில்லை. அதுவரை எதையும் தவறவிடாமல் ஆடினால் கிடைக்கும் உச்சப் புள்ளி 3,333,360. பேய்கள் நிச்சயமான விதிகளின்படி நகர்வதால், ஒரே வழியில் பிசகாமற் சென்றால் அவையும் ஒரே வழியில் வரும். அந்த ஒழுங்கை மனனம் செய்தவர்களே அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இதையெல்லாம் கணினியில இறக்கி விளையாடுறது சட்டப்படி சரியா?

பழைய பெட்டிகளைப் போலியாக இயக்கும் மேம் என்ற மென்பொருள் 1997 முதல் கிடைக்கிறது. அதை வைத்திருப்பதில் தவறில்லை. விளையாட்டின் நிரற்கோப்பு வேறு. அது பதிப்புரிமைக்கு உட்பட்டது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. பழையது, கடையில் இல்லை என்பதால் உரிமை அற்றுப்போவதில்லை.

நேர்மையான வழிகள் உள்ளன. எக்ஸிடி நிறுவனத்தின் கார் போலோ, ரோபோட் பௌல் போன்ற சில விளையாட்டுகளை உரிமையாளரே வணிக நோக்கற்ற பாவனைக்கு இலவசமாக விட்டிருக்கிறார். மேம் திட்டத்தின் தளத்திலேயே அவை கிடைக்கின்றன. காப்கொம், கொனாமி, சேகா ஆகியவை தம் பழைய விளையாட்டுகளைத் தொகுப்புகளாக விற்கின்றன. தள்ளுபடிக் காலத்தில் விலை மிகக் குறையும்.

உண்மையான பெட்டி ஒண்டை இறக்கி வீட்டில வைக்க ஆசை. என்னத்தைக் கவனிக்கவேணும்?

1980களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த பெட்டியாகப் பாருங்கள். ஜம்மா எனப்படும் 56 முனைப் பொது இணைப்பு 1985 அளவில் வந்தது. அந்த இணைப்புள்ள பெட்டியில் உட்பலகையை மட்டும் மாற்றி வேறு விளையாட்டுகளையும் ஆடலாம். ஜப்பானியப் பெட்டியென்றால் அது 100 வோல்ட்டுக்குரியது. கனடாப் பெட்டிக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். எங்கள் உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் விரைவிற் கறுக்கும். ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் அவற்றைத் துடையுங்கள். வாயால் ஊதினால் ஈரமே சேரும்.

குழாய்த் திரையின் பின்புறத்தை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்தியபின்னும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கக்கூடும். பழைய தொலைக்காட்சிகளைத் திருத்திப் பழகியவரை அழைத்து, அந்த மின்னை அவர் முறைப்படி வெளியேற்றிய பின்னரே உள்ளே கைவையுங்கள்.